எனக்கென்று ஒரு நாயனம்

போன மாசியில் எனக்கு ஐம்பது வயது முடிந்தது. அடுத்த மாதமே ஒரு நாகசுரம் வாங்கினேன். புதுசு. அதற்கு முன்னால் யாரும் வாசிக்காதது. வீட்டில் வேறு யாருக்காகவும் இல்லை, எனக்காக.

எங்கள் பக்கத்தில் நாகசுரம் என்று வாய்ப்பேச்சில் சொல்வதில்லை. நாயனம் என்போம். வாசிக்கிறவர் நாயனக்காரர். நாயனமும் தவிலும் ஸ்ருதிக்கு ஊதும் ஒத்தும் தாளமும் சேர்ந்தால் அது மேளம். என் அப்பா மேளக்காரர். குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் சிவன் கோயில் முறை அவருக்கு. காலையில் பூபாளமோ பௌளியோ, ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி. சாமி புறப்பாடு என்றால் கம்பீரநாட்டையில் மல்லாரி. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடுகள். அதை வைத்துத்தான் எங்களை வளர்த்தார்.

அண்ணனுக்கு ஏழு வயதில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். விடிகாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்கார வைப்பார். அண்ணன் தூங்கி விழுவான். நான் தூங்க மாட்டேன். உள்ளே ரேழியில் பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டே இருப்பேன். ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் அப்படித்தான் என் காதில் இறங்கின. அண்ணன் எந்த ஸ்வரத்தில் வழுக்குவான் என்று அவன் வழுக்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. சீவாளி வேலை. நாயனத்தின் உயிர் சீவாளி. நாணலைப் பதப்படுத்தி, தட்டையாக்கி, அடிப்பக்கம் நூல் கட்டி, கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாயில் பொருத்துவார்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, விசிறி மாதிரி விரிந்திருக்கும். அதன் இரண்டு இதழ்களுக்கு நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில்தான் சத்தம் பிறக்கிறது. கச்சேரி முடிந்து அப்பா வந்ததும் நாயனத்தில் தொங்கும் சீவாளிக் கொத்தை அவிழ்த்து என்னிடம் தருவார். ஒவ்வொன்றாக ஈரம் துடைத்து, உள்ளே எச்சில் தங்கியிருந்தால் ஊசியால் மெதுவாக விலக்கி, நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். பெரியதிலிருந்து சின்னது வரை வரிசைப்படுத்தி மறுபடி கோர்க்க வேண்டும். அப்பா ஒவ்வொன்றையும் தனியாக வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார். அந்த ஒற்றைச் சத்தத்திலேயே எது கல்யாணத்துக்கு, எது கோயிலுக்கு, எது அண்ணன் பழகுவதற்கு என்று எனக்குச் சொல்லத் தெரியும். அப்பா என்னைப் பார்த்துத்தான் கேட்பார், "இது எப்படிம்மா இருக்கு?"

கேட்பார். ஆனால் ஊதத் தர மாட்டார்.

பதினொரு வயதில் ஒருநாள் மாட்டுக் கொட்டகையில் வைத்து ஒரு சீவாளியை ஊதிவிட்டேன். அப்பாயி கேட்டுவிட்டார். பெண் பிள்ளை நாயனம் ஊதினால் வயிறு கெட்டுப்போகும், முகம் கோணிப்போகும், நாளைக்கு எவன் கட்டுவான் என்று ஒரு பாட்டம் அழுதே தீர்த்தார். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "உனக்கு இது வேண்டாம்மா, பாட்டு கத்துக்கோ" என்றார். அப்புறம் நிஜமாகவே எனக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்தார். கீதம் வரைக்கும் போனோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மதுரையில் எம்.எஸ்.பொன்னுத்தாய் என்று ஒரு அம்மா நாயனம் வாசிக்கிறார் என்று அப்பாவே பெருமையாகச் சொல்லுவார். பெண்களில் முதன்முதலாக மேடையேறி நாகசுரம் வாசித்தவர் என்று இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். "அந்தம்மா வாசிக்கிறாங்கல்ல, நான் மட்டும் ஏன் கூடாது?" என்று கேட்டேன். "அது மதுரைம்மா" என்றார் அப்பா. முப்பத்தொன்பது வருடமாக அந்தப் பதிலை நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2021-இல் காலீஷாபீ மஹபூப் அவர்களுக்கு அவர் கணவர் ஷேக் மஹபூப் சுபானி அவர்களோடு சேர்த்து பத்மஸ்ரீ வழங்கியபோது, நான் கொரோனா வார்டு டூட்டி முடிந்து வந்து செய்தித்தாளைப் பார்த்தேன். அந்தப் படத்தை வெட்டி எடுத்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இன்னும் இருக்கிறது.

நான் செவிலியர். இருபத்தேழு வருட சர்வீஸ். கும்பகோணத்துக்கு வந்து பதினாறு வருடமாகிறது. அப்பா 2011-இல் போய்விட்டார். அண்ணன் அதற்கு ரொம்ப நாள் முன்பே திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். முகூர்த்த மாதம் தவிர மற்ற மாதங்களில் அடுப்பெரிய வேண்டுமே, அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அப்பாவின் நாயனம் அவன் வீட்டு பீரோவின் மேல், பட்டுப் பையில் சுற்றி வைத்தபடி இருக்கிறது. வருடம் ஒருமுறை சரஸ்வதி பூஜைக்கு இறக்கிப் பொட்டு வைப்பார்கள்.

நான் நாயனம் வாங்கப்போகிறேன் என்று போனில் சொன்னபோது அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எதுக்கு வாங்கணும்? அப்பாவோடது இருக்கே, எடுத்துக்கோ பாப்பா" என்றான். மனதோடு சொன்னான், குரலில் தெரிந்தது. வேண்டாம் என்றேன். அவனுக்கு வருத்தம்தான். அன்றைக்கு அவனிடம் சரியாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த நாயனத்தின் ஏழு துளைகளும் அப்பாவின் விரல்களுக்குத் தேய்ந்தவை. சிறுவயதில் அதைத் துடைக்கும்போது என் விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன். துளையின் ஓரங்கள் வழவழவென்று, ஒரு பக்கமாகக் குழிந்து இருக்கும். நாற்பது வருடம் ஒரே ஆளின் மூச்சில் பழகிய கட்டை அது. அதில் நான் வாசித்தால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுக்கொண்டே வாசிப்பது மாதிரி இருக்கும். அது அப்பாவுடையதாகவே இருக்கட்டும். எனக்கு என் விரலுக்குத் தேயப்போகிற துளைகள் வேண்டியிருந்தது.

பணம் சீட்டுப் பணம். வார்டில் இருபது பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய் கட்டுகிறோம். இதற்கு முன் எடுத்த சீட்டுகளில் ஒன்று குளிர்சாதனப் பெட்டி ஆனது, ஒன்று மகளின் கல்லூரிக் கட்டணம், ஒன்று செப்டிக் டேங்க். இந்தமுறை கடைசிச் சீட்டு எனக்கு. தையில் முழு இருபதாயிரம் கைக்கு வந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் சமையலறைக்குப் போய் எனக்கும் சேர்த்துக் காபி போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் காபியை மறக்க மாட்டேன்.

வாங்குவதற்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. நாயனம் என்றால் நரசிங்கம்பேட்டை. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பயணிகள் ரயிலில் ஆடுதுறைக்கு அடுத்த நிறுத்தம். இரவு டூட்டி முடிந்து, குளித்துவிட்டு, அப்படியே ரயில் ஏறினேன். தூக்கம் வரவில்லை. திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர் என்று ஒவ்வொரு நிறுத்தமாக எண்ணிக்கொண்டு போனேன். இந்தத் தடத்தில் நூறு முறை போயிருக்கிறேன், நரசிங்கம்பேட்டையில் இறங்கியது இதுதான் முதல் தடவை.

இந்த ஊர் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெரிது, பட்டறைகள் சின்னவை. நான் போனது ஒரு ஓட்டு வீட்டின் முன்பக்கத் தாழ்வாரம். மரத்தூள் வாசனை தெருவிலேயே வந்தது. ஆசாரி ஐயாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். "வாங்கம்மா, யாருக்கு?" என்றார். எனக்கு என்றேன். நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார். "கையைக் காட்டுங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் வீட்டுக்காரருக்கு அடுத்து, என்னை ஏன் எதற்கு என்று கேட்காத ஆள் அவர்தான்.

நாயனம் ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். அதுவும் புது மரம் உதவாது. ஈரம் இருந்தால் பின்னால் வெடிக்கும், வளையும். பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரம், தூண் இவற்றைத்தான் தேடி வாங்குகிறார்கள். பல தலைமுறை கூரைக்கடியில் காய்ந்த மரம். அவர் ஒரு கட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். அவ்வளவு கனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கருஞ்சிவப்பாக, காய்ந்த புளி நிறத்தில் இருந்தது. ஒரு முனையில் ஆணி இருந்த இடம் கறுத்துக் கிடந்தது. செட்டிநாட்டுப் பக்கம் இடித்த வீட்டு உத்தரம் என்றார். அந்த முனையை அறுத்துத் தள்ளிவிடுவேன் என்றும் சொன்னார். எந்த வீடோ, அதன் கீழே எத்தனை பிள்ளைகள் தூங்கினார்களோ. புதுசு வேண்டும் என்று வந்த எனக்கு இவ்வளவு பழைய மரம் கிடைத்ததில் ஒரு நிறைவு.

அடுத்தது திமிரியா, பாரியா என்ற கேள்வி. திமிரி குட்டை, ஸ்ருதி உச்சத்தில் நிற்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் வாசித்தது அதுதான். பாரி நீளம், ஸ்ருதி கீழே, நாதம் கனமாக வரும். இன்றைக்குக் கச்சேரியில் கேட்பது பெரும்பாலும் பாரி. இதில் இந்த ஊருக்கே ஒரு கதை உண்டு. பழைய நாயனத்தில் சுத்த மத்யமம், அதாவது இரண்டு வகை ‘ம’வில் கீழே இருப்பது, நேராகப் பேசாது. வாசிக்கிறவர் காற்றை அடக்கி, உதட்டைப் பிடித்து, கெஞ்சித்தான் அதை வரவழைக்க வேண்டும். பக்கத்துத் திருவாவடுதுறையைச் சேர்ந்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக, இங்கே இருந்த ரங்கநாதன் ஆசாரி திரும்பத் திரும்பச் செய்துபார்த்து, சுத்த மத்யமம் தானாக நிற்கிற பாரி நாயனத்தை உருவாக்கினார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை அப்பா சாகும்வரை பேசினார். அந்தத் தோடிக்குள் உட்கார்ந்திருக்கிற ஸ்வரங்களில் ஒன்று அந்த மத்யமம். பெரிய வித்வானின் காதும் ஒரு ஆசாரியின் கையும் இரண்டு மூன்று மைல் தூரத்துக்குள் சந்தித்துக்கொண்டதால் நடந்த காரியம் இது. பிள்ளையின் பெயரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்காவது அந்த ஆசாரியின் பெயர் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

"பழகத்தானே, திமிரி எடுத்துக்கங்க, விரல் எட்டும்" என்றார் ஆசாரி ஐயா. பாரிதான் வேண்டும் என்றேன். அளவுக்கு ஒரு முடிந்த நாயனத்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். ஏழு துளையையும் மூட என் விரல்களை முழுக்க விரிக்க வேண்டியிருந்தது. மோதிர விரல் வலித்தது. ஆனால் எட்டியது. இருபத்தேழு வருடமாக நரம்பு தேடி ஊசி போட்ட விரல்கள், பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்த விரல்கள். "எட்டுது" என்று அவரே சொன்னார். இரண்டரைக் கட்டை ஸ்ருதியில் ஒன்று செய்வதாக முடிவானது. நாயனமும், அதன் அடியில் விரிந்திருக்கும் அணைசும், கெண்டையும் இரண்டு சீவாளியும் சேர்த்துப் பதினாலாயிரம். பாதி முன்பணம் கொடுத்தேன்.

நடுவில் ஒருநாள் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனேன். என் கட்டை கடைசல் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. உளி படப்பட மேல்தோல் சுருள் சுருளாக உதிர்ந்தது. உள்ளே துளை போடுவதுதான் கஷ்டமான வேலை. நீளமான துரப்பணக் கம்பிகள், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் தடிமனாக, வரிசையாகச் சுவரில் சாத்தியிருந்தன. நாயனத்தின் உள்துளை மேலே குறுகலாகத் தொடங்கிக் கீழே போகப்போக விரிய வேண்டும். அது எங்காவது நூலளவு பிசகினால் ஸ்வரம் பிசகும். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் வெளிச்சத்தைப் பார்த்தார். என்னிடமும் கொடுத்தார். உள்ளே வளையம் வளையமாக மரத்தின் ரேகை, கடைசியில் ஒரு வட்ட வெளிச்சம். தெருவில் போன ஒரு ஆடு அந்த வட்டத்துக்குள் தலைகீழாகவும் இல்லாமல் நேராகவும் இல்லாமல் கலங்கித் தெரிந்தது.

விரல் வைக்கிற ஏழு துளை போக, கீழே இன்னும் ஐந்து துளை உண்டு. அவை விரலுக்கு இல்லை. அவற்றை மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும்தான் ஸ்ருதியைச் சரிசெய்கிறார்கள். சிறுவயதில் அந்த மெழுகை நகத்தால் சுரண்டியதற்கு அப்பாவிடம் ஒருமுறை வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் திட்டினார் என்று நாற்பது வருடம் கழித்து அந்தப் பட்டறையில்தான் விளங்கியது.

பங்குனி இரண்டாவது வாரம் போன் வந்தது. போய் வாங்கினேன். ஆசாரி ஐயா ஊதிக் காட்டினார். ஒரு ஸட்ஜம், ஒரு பஞ்சமம், அவ்வளவுதான். மீதியை நீங்க வாசிச்சுக்கங்க என்று துணியில் சுற்றிக் கொடுத்தார். புது நாயனத்துக்கு உள்ளே அவ்வப்போது எண்ணெய் காட்ட வேண்டும், ஆரம்பத்தில் ஒரேயடியாக ரொம்ப நேரம் வாசிக்கக் கூடாது, மரம் மூச்சின் ஈரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகட்டும் என்றார். புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்கு நான் சொல்லும் தொனியில் அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ரயிலுக்கு நேரமாகும் என்று பேருந்தில் வந்தேன். கூட்டம். மடியில் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா. துணிக்கு வெளியே அணைசு தெரிந்ததைப் பார்த்துவிட்டார்.

"நாயனமா? உங்க வீட்டுக்காரர் வாசிக்கிறாரா?"

"இல்லைங்கம்மா. நான் வாசிக்கப்போறேன்."

ஒன்றும் சொல்லவில்லை அவர். திருவிடைமருதூரில் இறங்கும்போது கூடையிலிருந்து ஒரு முழம் கதம்பம் கிள்ளி, நாயனத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். காசு கொடுக்க நான் பையைத் திறப்பதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

வீட்டுக்குப் போவதற்கு முன் கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போனேன். அங்கே கல்லால் செய்த நாகசுரம் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் மகாமகத்துக்கு வந்தபோது அப்பா அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கல்லை இவ்வளவு மெல்லிசாகக் குடைந்து, அதில் மூச்சையும் விட்டு வாசித்திருக்கிறார்கள். அந்தக் கோயில் பிரகாரத்தில் என் மரத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊதவில்லை. குரு இல்லாமல் முதல் மூச்சை விட எனக்கு மனது வரவில்லை.

குருவும் தேடிப்போக வேண்டியதாக இல்லை. அப்பாவுக்கு இரண்டாவது நாயனம் வாசித்த மாமா ஒருவர் தாராசுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. முன்பல் போய்விட்டதால் வாசிப்பதை விட்டுவிட்டார். நான் போய் நின்று விஷயத்தைச் சொன்னதும், "உங்கப்பா இருந்தா என்ன சொல்லுவானோ" என்றார். பிறகு அவரே, "இப்ப இருந்தா சரின்னுதான் சொல்லுவான்" என்றார். அது நிஜமா, எனக்காகச் சொன்னாரா, தெரியாது. ஆனால் அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இடம்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. நாயனம் திறந்தவெளிக்கான வாத்தியம். நான்கு வீதிக்குக் கேட்க வேண்டும் என்றே பிறந்தது. மாடி வீட்டில், கீழே கைக்குழந்தை, எதிரே பத்தாம் வகுப்புப் பையன் என்று இருக்கும் இடத்தில் ஊத முடியுமா? என் வீட்டுக்காரருடைய நண்பர் ஒருவருக்கு ஊருக்கு வெளியே, அரசலாற்றைத் தாண்டி, வயலில் ஒரு மோட்டார் கொட்டகை இருக்கிறது. காலை ஐந்தரைக்கு அங்கே போகிறோம். மாமாவை அவர் வண்டியில் அழைத்துக்கொண்டு வந்துவிடுவார். கொட்டகை வாசலில் கோணிப்பை விரித்து உட்காருவோம். சுற்றிலும் வயலும் கொக்கும் மட்டும்தான்.

முதல் இரண்டு வாரம் நாயனத்தைத் தொடவே விடவில்லை மாமா. சீவாளி மட்டும். மாட்டுக் கொட்டகையில் ஊதிய பதினொரு வயதுக்குப் பிறகு மறுபடி அந்த நாணல் ருசி நாக்கில் பட்டது. வைக்கோலும் ஈர மண்ணும் கலந்த மாதிரி ஒரு ருசி. எனக்கு அது அப்படியே நினைவிருந்தது.

"ஊதறதைப் பத்தி அப்புறம் பாப்போம், முதல்ல இழுக்கக் கத்துக்க ஆயி" என்றார் மாமா. இதை நான் தினமும் வார்டில் சொல்கிறேன்! அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் சாதனம் கொடுப்போம். மூன்று குழாய், மூன்று பந்து. 600, 900, 1200 என்று எண் போட்டிருக்கும், ஒரு நொடிக்கு எத்தனை மில்லி காற்றை இழுக்கிறோம் என்ற கணக்கு. "மெதுவா இழுங்க, பந்து மேலேயே நிக்கட்டும்" என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சொல்லியிருப்பேன். அன்றைக்கு வார்டில் ஒரு புது சாதனத்தை எடுத்து நானே இழுத்துப் பார்த்தேன். இரண்டு பந்து ஏறி நின்றது. மூன்றாவது துடித்துவிட்டு விழுந்தது. ஐந்து மாதம் கழித்து, இப்போது மூன்றும் நிற்கிறது. இதயத்தில் அடைப்பு நீக்கிவிட்டுப் படுத்திருந்த ஒரு தாத்தா அதைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர் மாதிரி நானும் மூணையும் தூக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்று இழுக்க ஆரம்பித்தார். போகும் நாளன்று தூக்கிக் காட்டினார்.

மூன்றாவது வாரம் சீவாளியை நாயனத்தில் பொருத்தச் சொன்னார் மாமா. முதல் மூச்சுக்கு வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவதுக்கும். மூன்றாவது முறை உதட்டை அவர் சொன்னபடி உள்ளே மடித்து, வயிற்றிலிருந்து தள்ளினேன். வந்தது. ஒரு ஸ்வரம், எந்த ஸ்வரம் என்று சொல்ல முடியாத ஒன்று. சத்தம் என் காதில் கேட்பதற்கு முன்னால் விரல்களின் கீழே தெரிந்தது. மரம் அதிர்ந்தது. பூனை மடியில் படுத்து உறுமும்போது கையில் தெரியுமே, அந்த மாதிரி. அப்பா வாசித்து முடித்துத் துடைக்கக் கொடுத்த நாயனம் எப்போதும் ஓய்ந்துபோய்த்தான் என் கைக்கு வரும். அதற்கு இப்படி ஒரு துடிப்பு உண்டு என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. வயலில் இருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தேன். அவர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை. எல்லோரும் தொடங்குகிற இடம். விரல் எடுத்தால் ஸ்வரம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நாயனத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டும். விரல் வழியைத்தான் காட்டும், ஸ்வரத்தை நிறுத்துவது மூச்சு. ஒரே துளையில் காற்றைக் கொஞ்சம் ஏற்றினால் ஸ்வரம் ஏறும், கொஞ்சம் விட்டால் இறங்கும். கமகமெல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. காதில் ஸ்வரம் இல்லாதவரால் இதை வாசிக்கவே முடியாது. அப்பா எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது இப்போது கை கொடுக்கிறது. தப்பாக வாசிக்கும்போது தப்பு என்று உடனே தெரிகிறது. சரிசெய்யத்தான் நாளாகிறது.

எனக்கு ரொம்ப நாள் மடங்காமல் இருந்தது மத்யமம். மாயாமாளவகௌளையில் வருவதும் சுத்த மத்யமம்தான். ரங்கநாதன் ஆசாரி அதை மரத்துக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டார், வாசிக்கிறவள் கெடுக்காமல் இருந்தால் போதும். நான் காந்தாரத்திலிருந்து ஏறும்போது பதற்றத்தில் காற்றைக் கூட்டிவிடுவேன். மத்யமம் மேலே போய் உட்கார்ந்துவிடும். மாமா திட்ட மாட்டார். "மறுபடி" என்பார். ஒரு காலையில் நாற்பது முறை மறுபடி சொல்லியிருக்கிறார். இரவு டூட்டியில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது மனசுக்குள் ஸ ரி க ம ஓடிக்கொண்டே இருக்கும், ம வந்ததும் கால் தயங்கும்.

போன வாரம் ஒருநாள் ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் விட்டிருந்தது. கொட்டகை வாசலில் தண்ணீர் நின்றதால் உள்ளே மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். டூட்டி களைப்பு, உடம்பில் பதறுவதற்கே தெம்பில்லை. அதனாலோ என்னவோ, காந்தாரத்திலிருந்து மூச்சு அதன் போக்கில் போனது. மத்யமம் விழுந்தது. ஆடாமல், அசையாமல், ஸ்ருதிப் பெட்டியோடு ஒட்டி நின்றது. ஓடுகளுக்குக் கீழே அந்த ஒற்றை ஸ்வரம் நிறைந்திருந்தது. மூச்சு தீரும்வரை விடவில்லை நான்.

போனில் அண்ணனைக் கூப்பிட்டு வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். எனக்குத் தெரியாது. நிறுத்தியதும் போனிலிருந்து அண்ணன் குரல், "பாப்பா, அது எந்த சீவாளி?" என்று கேட்டது. சின்னது, நூலில் மூன்றாவது, என்றேன். "அதைக் கோயிலுக்கு வச்சுக்கோ" என்றான்.

மாமா தொடையில் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார்.

"மறுபடி" என்றார்.